ஊழ், முயற்சி, மனோரஞ்சன் பியாபாரி

வறுமையிலும் அவமதிப்பிலும் வளர்ந்த ஒருவர் பின்னாளில் மேடையேறிப் பிறருக்குத் துணிவு சொல்லும் நிலைக்கு வரும்போது, அந்த உயர்வுக்குக் காரணம் எது என்ற கேள்வி எழுகிறது. பழைய சமயங்களில் பல, முன்வினை என்று பதில் சொல்லின. இன்றைய தன்னம்பிக்கைப் பேச்சு, அவருடைய விடாமுயற்சி என்கிறது. ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றும் இந்த இரு பதில்களும் ஓர் இடத்தில் ஒத்துப்போகின்றன. மனிதனுக்கு நேர்வது எல்லாவற்றையும் இரண்டுமே அவனுடைய சொந்தக் கணக்கில் எழுதுகின்றன. முதலாவது முற்பிறவிக் கணக்கில் எழுதுகிறது, இரண்டாவது இப்பிறவிக் கணக்கில் எழுதுகிறது. பிற மனிதர்கள் செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் அந்தக் கணக்கேட்டில் பக்கமே இல்லை. வங்க எழுத்தாளர் மனோரஞ்சன் பியாபாரியின் வாழ்க்கையை இந்த இரு பதில்களோடும் வைத்துப் பார்த்தால், விடுபட்ட பக்கம் எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

பியாபாரி 1950 வாக்கில் கிழக்கு வங்காளத்தின் பரிசால் மாவட்டத்தில், நாமசூத்திரர் சாதியில் பிறந்தார். 1953-ல் குடும்பம் அகதியாக மேற்கு வங்காளத்துக்கு வந்தது. முதலில் பாங்குரா மாவட்டத்துச் சிரோமணிபூர் முகாம். பின்னர் கொல்கத்தாவுக்குத் தெற்கே, கானிங் ரயில் பாதையில் உள்ள கூட்டியாரி ஷரீப் அருகே இன்னொரு முகாம். பிரிவினை அகதிகள் எல்லாரும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை. படிப்பும் உறவினர் செல்வாக்கும் உள்ள மேல்சாதியார் ஜாதவ்பூர், பிஜய்கட் போன்ற கொல்கத்தா ஓரங்களில் நிலம் பிடித்துக் குடியிருப்புகள் அமைத்துக்கொண்டார்கள். உழவரும் மீனவருமான நாமசூத்திரரில் பெரும்பாலோரை அரசு முகாம்களில் வைத்தது. பலரை மத்திய இந்தியாவின் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பியது. பியாபாரி என்ற சிறுவன் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆடு மேய்த்தான், டீக்கடையில் எடுபிடியாக இருந்தான். பதின்வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு அசாம், லக்னோ, டெல்லி, அலகாபாத் என்று கூலி வேலைக்கு அலைந்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் கொல்கத்தா திரும்பியபோது நகரம் நக்சல் கொந்தளிப்பில் இருந்தது. அந்தக் கொந்தளிப்பில் இறங்கிய இளைஞர் சிறைக்குப் போனார்.

எழுத்து அவருக்குச் சிறையில்தான் கிடைத்தது. அப்போது வயது 24 அளவில் இருக்கும். படித்த மூத்த கைதி ஒருவர் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். தாளும் பேனாவும் இல்லாததால் மண் தரையில் குச்சியால் எழுதிப் பழகினார் பியாபாரி. வளர்ந்த ஆள் ஒருவன் தரையில் குந்தி உட்கார்ந்து, குழந்தை எழுதும் முதல் எழுத்தை எழுதி, கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூச்சத்தைத் தாண்டுவது சின்ன விஷயமல்ல. முயற்சி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மூத்த கைதி வேறு சிறையில் இருந்திருந்தால் குச்சியும் மண்ணும் இருந்தும் எழுத்து வந்திருக்காது.

விடுதலைக்குப் பின் ஜாதவ்பூரில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தார். 1980-ஐ ஒட்டிய ஒரு நாள், பிஜய்கட் ஜோதிஷ் ராய் கல்லூரிப் பக்கத்தில் ஒரு பெண்மணி ரிக்‌ஷாவில் ஏறினார். பார்த்தால் பேராசிரியை போல இருந்த அவரிடம், படித்தபோது பொருள் புரியாமல் நின்ற ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டார் பியாபாரி. ‘ஜிஜீவிஷா’ என்றால் என்ன? உயிரோடு இருக்க வேண்டும் என்ற வேட்கை என்று சொன்ன அந்தப் பெண்மணி, இந்தச் சொல் ரிக்‌ஷாக்காரருக்கு எங்கே கிடைத்தது என்று வியந்து பேச்சுக் கொடுத்தார். தாம் ஒரு பத்திரிகை நடத்துவதாகவும் உழைக்கும் மக்களே அதில் எழுதுவதாகவும் சொல்லி, நீயும் எழுது என்றார். முகவரி எழுதிக் கொடுத்தார். மகாசுவேதா தேவி, பாலிகஞ்ச் ஸ்டேஷன் சாலை. அந்த நாளில் பியாபாரி படித்துக்கொண்டிருந்தது அவர் எழுதிய ‘அக்னிகர்ப்பா’வைத்தான். 1981-ல் ரிக்‌ஷாக்காரரின் வாழ்க்கை பற்றிய பியாபாரியின் கட்டுரை ‘பர்திகா’ இதழில் வெளிவந்தது.

இந்தச் சந்திப்பைப் பலரும் தற்செயல் என்று சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. மகாசுவேதா தேவி அந்த ரிக்‌ஷாவில் ஏறியது தற்செயல். ஏறியவர் அப்படி ஒரு இதழின் ஆசிரியராக இருந்தது தற்செயல் அல்ல. ‘பர்திகா’ அவருடைய தந்தை மணீஷ் கட்டக் நடத்திய இலக்கிய இதழ். தந்தைக்குப் பின் பொறுப்பேற்ற மகள், உழவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் பழங்குடியினரும் தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதும் இடமாக அதை மாற்றினார். இலக்கணப் பிழையோடு வரும் கையெழுத்துப் பிரதியையும் மதித்துப் படிப்பது என்று ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்ததால்தான் அந்தத் தற்செயலுக்குப் பலன் கிடைத்தது.

பியாபாரி 2012-ல் தம் தன்வரலாற்றை வெளியிட்டார். ‘இதிபிருத்தே சண்டால் ஜீபன்’ என்ற தலைப்பிலேயே ‘சண்டாளன்’ என்ற வசையை எடுத்துத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். நாமசூத்திரரை நூற்றாண்டுகளாக அழைத்த பெயர் அது. சமூகத்தின் நெடுநாள் போராட்டத்துக்குப் பின் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அரசு அதைக் கைவிட்டு ‘நாமசூத்திரர்’ என்று எழுதியது. அந்தச் சொல்லுக்குச் சமய நூலிலேயே இடம் உண்டு. இவ்வுலகில் தீய நடத்தை உடையோர் நாயாகவோ பன்றியாகவோ சண்டாளராகவோ பிறப்பார்கள் என்று சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. ஒரு குழந்தை அகதி முகாமில் பசித்துக் கிடப்பதற்கு அதுவே பொறுப்பு என்று சொல்லும் கொள்கையின் வேர் இங்கே இருக்கிறது. ஆன்மாவின் நீண்ட பயணத்தை விளக்க எழுந்த கொள்கை, அண்டை வீட்டுப் பசிக்கு முன் கைகட்டி நிற்கவும் பயன்பட்டது. அதன் மற்ற உயரங்களை ஒப்புக்கொள்பவர்களும் இந்தப் பயன்பாட்டை ஒப்புக்கொள்ளக் கூடாது.

நாமசூத்திரர் தங்கள் மறுமொழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சமயமாகவே சொன்னார்கள். ஹரிசந்த் தாகூர் (1812–1878) தொடங்கிய மத்துவா நெறி வேதத்தையும் பிராமணச் சடங்கையும் இடைத்தரகரையும் தள்ளியது. கை உழைக்கும்போதே வாய் இறைநாமம் சொல்லலாம், இல்லறமே துறவறத்துக்கு ஈடு என்றது. அவர் மகன் குருசந்த் தாகூர் பக்தியைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் திருப்பினார். பிச்சையெடுத்தாவது பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவர் போதனையின் சாரம். ஆஸ்திரேலிய பாப்டிஸ்ட் மிஷனரி சி. எஸ். மீடு என்பவரோடு சேர்ந்து தம் ஊரான ஓராகாந்தியில் பள்ளி நடத்தினார். முன்வினைக் கொள்கையை நேருக்கு நேர் மறுத்து ஒரு தத்துவ நூல் எழுதுவதைவிட, அந்தக் கொள்கை படிக்கக் கூடாது என்று ஒதுக்கிய பிள்ளையின் கையில் பலகையைக் கொடுத்தது வலுவான மறுப்பு.

இந்தியச் சிந்தனை மரபில் ஊழைப் பற்றிக் குரல்கள் பல. மற்கலி கோசாலர் காட்டிய ஆசீவக நெறி எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சிக்கு வேலை இல்லை என்றது. யோகவாசிட்டம் மறுகோடிக்குப் போகிறது. தெய்வம் என்று சொல்லப்படுவது முன்பு செய்த முயற்சியின் பலனே தவிர வேறில்லை. பழைய முயற்சியும் புதிய முயற்சியும் இரண்டு கிடாய்கள்போல முட்டிக்கொள்ள, வலுவானது வெல்லும் என்று வசிட்டர் இராமனுக்குச் சொல்கிறார். திருவள்ளுவர் ஊழுக்கு 38-ஆம் அதிகாரத்தைக் கொடுத்து அதை மிஞ்சியது எதுவுமில்லை என்கிறார். 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில் தளராது உழைப்பவர் ஊழையும் தோற்கடிப்பார் என்கிறார். இரண்டையும் இணைக்க உரையாசிரியர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். இணைக்காமல் அப்படியே விட்டதில்தான் வள்ளுவரின் நேர்மை தெரிகிறது. வாழ்க்கையில் இரண்டையுமே பார்த்தவர் ஒன்றை மறைத்து எழுதியிருக்க முடியாது.

இந்த வழக்குக்கு மிக நெருங்கி வரும் பழைய நூல், பாலி சம்யுக்த நிகாயத்தில் உள்ள சிவக சுத்தம். மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினையாலேயே வருகிறது என்று சில துறவிகள் சொல்கிறார்களே, தாங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மோலியசிவகர் என்ற துறவி புத்தரிடம் கேட்கிறார். புத்தர் எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். பித்தம், கபம், வாதம், மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைக் கவனியாமை, பிறர் செய்யும் தாக்குதல், கடைசியாகத்தான் வினைப்பயன். எல்லாவற்றையும் வினைமேல் போடுபவர்கள் தாங்களே கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். அந்தப் பட்டியலில் ‘பிறர் செய்யும் தாக்குதல்’ தனிக் காரணமாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவன் அடிபட்டால் அடித்தவன் ஒருவன் இருக்கிறான். அடிபட்டவனின் முற்பிறவியைத் தோண்டுவதற்கு முன் அடித்தவனைப் பார்க்கச் சொல்கிறது அந்தச் சுத்தம்.

பகவத்கீதையின் 18-ஆம் அத்தியாயமும் எந்தச் செயல் நிறைவேறுவதற்கும் ஐந்து காரணங்களைச் சொல்கிறது. இடம், செய்பவன், கருவிகள், பல்வகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். செய்பவன் தான் ஒருவனே காரணம் என்று நினைப்பவன் உள்ளதை உள்ளபடி பார்க்காதவன் என்று அடுத்தாற்போல் வருகிறது. ரிக்‌ஷா நிறுத்தம் இடம், பியாபாரி செய்பவர், சிறையில் கற்ற எழுத்து கருவி, படித்ததும் துணிந்து கேட்டதும் முயற்சி. ஐந்தாவது இடத்தில் நிற்பது பாலிகஞ்ச் முகவரி எழுதிய ஒரு துண்டுத்தாள். கீதை தெய்வம் என்று சொல்வது இறையருளையோ புலன்களுக்கு அதிபதியான தேவர்களையோ என்று உரைகாரர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். இந்த ஒரு வாழ்க்கையைப் பொறுத்தவரை, அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மனிதர்கள். கெடுத்ததும் மனிதர்கள்தான். முகாமில் போட்டது அரசாங்கம், சண்டாளன் என்றது சமூகம், எழுத்தைக் கொடுத்தவர் ஒரு கைதி, இடம் கொடுத்தவர் ஓர் ஆசிரியர். ஊழ் என்று பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி பிறர் செய்த செயல்தான்.

தன்னம்பிக்கைப் பேச்சின் தோற்றம் இந்த உண்மையிலிருந்து விலகிப்போன கதை. இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-ல் வெளியிட்ட ‘செல்ஃப் ஹெல்ப்’ இந்த வகை நூல்களுக்கு முன்னோடி. ஏழைப் பொறியாளர்களும் கைவினைஞர்களும் உழைப்பால் உயர்ந்த வரலாறுகளை அடுக்கிய நூல் அது. தமிழில் எம். எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ பல சிறுநகர இளைஞர்களுக்கு முதல் துணிவைக் கொடுத்தது. அந்தத் துணிவைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சோர்ந்து கிடப்பவருக்கு உன்னால் முடியும் என்ற சொல் மருந்துதான். சிக்கல் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. என்னால் முடிந்தது, ஆகவே யாராலும் முடியும் என்று பேச்சாளர் சொல்லும் நொடியில், முடியாமல் போனவர் முயலாதவர் ஆகிவிடுகிறார். முன்வினைக் கொள்கை ஏழையின் மேல் பழைய பாவத்தைச் சுமத்தியது. இந்தக் கொள்கை சோம்பேறித்தனத்தைச் சுமத்துகிறது.

பாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் விடியற்காலையில் நிற்பவர் யாருக்கும் இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு பொய் என்பது விளங்கும். கானிங், லட்சுமிகாந்தபூர் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் லோக்கல் ரயில்களில், நிற்கவும் இடமில்லாத பெட்டிகளிலிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். இருட்டு விலகும் முன் எழுந்து, சொந்த வீட்டில் சமைத்து வைத்துவிட்டு, பாலிகஞ்ச், தாகூரியா, கடியாஹாட் பக்கத்து வீடுகளில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, மாலையில் அதே ரயிலில் திரும்புகிறார்கள். பியாபாரியின் முகாம் இருந்த அதே பாதை. உழைப்பு உயர்த்தும் என்பது முழு உண்மையானால் வங்காளத்தில் முதலில் உயர்ந்திருக்க வேண்டியவர்கள் இவர்கள். இவர்கள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. எழுத்தும் நேரமும் கேட்கக் காத்திருக்கும் ஓர் இதழும்தான் இவர்கள் பக்கம் வரவில்லை.

தப்பிப் பிழைத்தவர் மட்டுமே மேடையேற முடியும் என்பதால் இந்தப் பிழை எளிதில் பிடிபடுவதில்லை. நாஜி வதை முகாம்களிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், துன்பத்திலும் பொருள் காண முடியும் என்று உலகுக்குச் சொன்னவர். இன்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மிக அதிகம் எடுத்துக்காட்டும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. ஆனால் 1946-ல் வெளியான தம் நூலின் தொடக்கத்திலேயே, மீண்டு வந்தவர்கள் பல தற்செயல்களால் மீண்டவர்கள் என்றும் தங்களில் மிகச் சிறந்தவர்கள் திரும்பவில்லை என்றும் அவர் எழுதிவிட்டார். மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-ல் இதே கேள்வியை மேலைத் தத்துவத்தில் எழுப்பினார்கள். மனிதனைப் பாராட்டவும் பழிக்கவும் நாம் எடுத்துக்கொள்ளும் செயல்களில், அவன் கையில் இல்லாத சூழலும் பிறப்பும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கினால், அவனுடையது என்று சொல்ல மிஞ்சுவது சுருங்கிக்கொண்டே போகும் என்று நேகல் காட்டினார். அதனால் முயற்சியே பொய் என்று ஆகிவிடாது. குச்சியை எடுத்து மண்ணில் எழுதியவர் பியாபாரிதான். வேறு யாரும் அவருக்காக எழுதவில்லை. முயற்சிக்கு உரியது முயற்சிக்கு, உதவிக்கு உரியது உதவிக்கு என்று பிரித்துச் சொல்வதே நியாயம்.

இந்தியாவில் வலிமையைப் போதித்த பேச்சாளர்களில் முதல்வரான விவேகானந்தரின் வாழ்க்கையும் இப்படித்தான். 1884-ல் தந்தை விசுவநாத தத்தர் இறந்ததும் குடும்பம் கடனிலும் சொத்து வழக்கிலும் சிக்கியது. நரேந்திரர் வெறும் வயிற்றோடு கல்கத்தாத் தெருக்களில் வேலை தேடி அலைந்தார். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் தெய்வத்தன்மை உறங்குகிறது, எழுப்பினால் எழும் என்ற அவர் பேச்சு அந்தப் பசியைக் கண்டு வந்த பேச்சு. ஆனால் 1893-ல் சிகாகோ போவதற்கான பணம், பள்ளி ஆசிரியரான அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் சென்னையில் வீடுவீடாகப் போய்த் திரட்டியது. கேத்ரி மன்னர் அஜித் சிங் பயணத்துக்கு உதவியதோடு, ஊரில் தனித்து நின்ற தாயாருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினார். விவேகானந்தர் இந்தக் கடன்களை மறைக்கவில்லை. அளசிங்கருக்கு எழுதிய கடிதங்களில் அந்த நன்றியும் உரிமையும் தெரிகின்றன. பாலிகஞ்சை ஒட்டிய கோல்பார்க்கில் 1961 முதல் இயங்கும் ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிலையத்தில் அவர் கருத்துகள் பற்றி இன்றும் சொற்பொழிவுகள் நடக்கின்றன. தனி மனித வலிமையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அளசிங்கரைப் பற்றியும் பேசினால் அந்த மேடை முழுமை பெறும்.

பியாபாரி மேடையில் பேசும் விதம் வழக்கமான தன்னம்பிக்கைப் பேச்சு அல்ல. இலக்கிய விழாக்களிலும் கூட்டங்களிலும் தம் வாழ்க்கையைச் சொல்லும்போது அவர் பசியையும் சாதியையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறார். கோபமே தம் எழுத்தின் ஊற்று என்கிறார். மகாசுவேதா தேவியையும், சத்தீஸ்கரில் தம்மைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்த தொழிற்சங்கத் தலைவர் சங்கர் குஹா நியோகியையும் கடன்பட்டவராக நினைவுகூர்கிறார். நியோகி 1991 செப்டம்பர் 28 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். கேட்பவர் இந்தப் பேச்சிலிருந்து தானும் உயரலாம் என்ற நம்பிக்கையோடு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறார்: தன் ரிக்‌ஷாக்காரர், தன் வீட்டு வேலைக்காரப் பெண், தன் ஊர் டீக்கடைச் சிறுவன் என்ன படிக்கிறார்கள், படிக்க முடிகிறதா என்ற கேள்வி. தேற்றும் பேச்சைவிடச் சமயப் பொருளில் இது பெரியது. அது கேட்பவரைத் தன் உயர்வை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க விடுவதில்லை.

வெற்றி வந்த பிறகும் இந்தக் கணக்கு முடிந்துவிடவில்லை. பியாபாரி கொல்கத்தாவின் முகுந்தபூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி விடுதியில் பல ஆண்டுகள் சமையல்காரராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். தன்வரலாற்றைச் சிப்ரா முகர்ஜி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2018-க்கான ‘தி இந்து’ பரிசு அந்த நூலுக்குக் கிடைத்தது. சென்னை விழாவில் அந்தப் பரிசு அறிவிக்கப்பட்டபோதும் அவர் தொழில் சமையல்தான். முட்டி வலியோடு பெரிய அண்டாக்களின் முன் நிற்க முடியவில்லை, இலகுவான வேலை வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பித்து, 2020-ல்தான் நூலகப் பணிக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டு மேற்கு வங்க அரசு அமைத்த தலித் சாகித்ய அகாடமியின் தலைவரானார். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஹூக்ளி மாவட்டத்துப் பலாகட் தொகுதிக்கு ரிக்‌ஷாவில் போய் வேட்புமனு கொடுத்து, வென்றார்.